ஓய்வுபெற்ற விண்டோஸும் கொண்டச்சிக் கரையின் கணினிகளும்

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகள் உலகெங்கும் கோலோச்சிய ஓர் இயங்குதளம் ஓய்வுக்கு அனுப்பப்பட்டமை, கொழும்பிலுள்ள பெரு நிறுவனங்களைப் பொறுத்தவரை ஒரு கொள்வனவுக் கட்டளையுடன் முடிந்துவிடும் விடயமாகும். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில், சிலாவத்துறையை அண்டிக் கடலோரமாக அமைந்திருக்கும் கொண்டச்சி போன்ற ஊர்களில் இவ்விடயம் அவ்வளவு எளிதாக முடிந்துவிடப் போவதில்லை. ஒரு பாடசாலையின் கணினி அறையோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகமோ, பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கப்பட்ட மடிக்கணினியோ எதுவாயினும், இருப்பதைக் கொண்டே காலத்தை ஓட்டவேண்டிய நிலையில்தான் இங்குள்ள மக்கள் இருக்கின்றனர்.

விண்டோஸ் 11க்கு மாறினால் என்ன என்ற கேள்வி எழலாம். அதனை நிறுவுவதற்குத் தாய்ப்பலகையில் டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு இருக்கவேண்டும். இன்டெல் செயலிகளாயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. அதாவது 2017 இற்கு முன்னர் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக இயங்கினாலும் அதற்கு வாசல் மூடப்பட்டுவிட்டது. புதிதாக வாங்கலாமெனில், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின்போது டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதையும், 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டதையும் மறந்துவிட முடியாது. மீன்பிடியையும் மானாவாரிச் செய்கையையும் நம்பி வாழும் குடும்பமொன்றுக்குக் கணினி என்பது மீண்டும் ஒரு தடவை வாங்கக்கூடிய பொருளன்று.

கொண்டச்சிக்கு இவ்விடயத்தில் இன்னுமொரு தனிக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்காக உலகமே தேடிவந்த குடா இது. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்ககாலத்தில் பருவம் தொடங்கியதும் பல்லாயிரம் பேர் இக்கரையில் கூடாரமடித்துக் கூடுவர். பருவம் முடிந்ததும் கலைந்து செல்வர். அது விரும்பி வந்து விரும்பிச் சென்றோரின் கதை. 1990 ஒக்டோபரில் நடந்தது வேறு. விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பிரதேசத்தின் கிராமங்களும் வெறுமையாயின. 2009 இற்குப் பின்னர் திரும்பி வந்தோரில் பலரிடம் காணி உறுதிகளோ, அனுமதிப்பத்திரங்களோ, பிறப்புச் சான்றிதழ்களோ இருக்கவில்லை. ஒவ்வொன்றாக மீண்டும் தேடிப் பெறப்பட்ட அப்பத்திரங்களின் பிரதிகளும், அவை தொடர்பாக எழுதப்பட்ட கடிதங்களும் இன்று ஏதோவொரு பழைய கணினியின் வன்தட்டில்தான் கிடக்கின்றன. ஆகவே பழைய கணினியைப் பேணுவது இங்கு வெறும் சிக்கன விவகாரமன்று.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. பழைய இயங்குதளம் என்றாலே ஆபத்து என்பது வியாபாரிகளின் பேச்சு. ஓடும்வரை ஓடட்டும் என்பது பாவனையாளரின் பேச்சு. இரண்டுமே பாதி உண்மைதான். 2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாகிரை தாக்குதல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையையே நிலைகுலையச் செய்தது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அன்று ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. எல்லோரும் பழி சுமத்திய எக்ஸ்பி அன்று. கணினியின் வயதைவிட, திருத்தங்கள் வந்துசேர்கின்றனவா என்பதே முக்கியம்.

அந்த அளவுகோலின்படி விண்டோஸ் 7 இனி இணையத்துக்கு உகந்ததன்று. அதன் பொது ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கான நீடிப்பு 2023 ஜனவரியிலும் முடிந்தன. குரோம் உலாவியும் அதே ஆண்டின் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தட்டச்சுக்கும் பயிற்சிக்கும் மட்டும் அதனை வைத்துக்கொள்வதில் தவறில்லை. விண்டோஸ் 10 இன் நிலை வேறு. தனிப்பட்ட பாவனையாளர்கள் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவதற்கான திட்டமொன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. முப்பது டொலர் செலுத்துவது அதற்கு ஒரு வழி. மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளைக் காப்புச் செய்தால் அதே நீடிப்பு இலவசமாகவே கிடைக்கும் என்பதைப் பலர் அறியவில்லை. கணினியில் 22எச்2 என்ற பதிப்பு இருக்கவேண்டும் என்பது நிபந்தனையாகும்.

இனிப் பராமரிப்பு. பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்லப்படும் கணினிகளில் பல உண்மையில் பழுதடைந்தவையல்ல. நெடுநேர மின்வெட்டுக்குப் பின்னர் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவதைப் பலர் கண்டிருப்பர். அதன்பின் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கையே தோன்றும். வைரஸ் என்று அஞ்சி இயங்குதளத்தையே அழித்து மீள நிறுவுவோரும் உளர். தாய்ப்பலகையிலுள்ள சீ.ஆர். 2032 என்னும் நாணயம் போன்ற சிறு மின்கலம் வலுவிழந்துவிட்டதே இதற்குக் காரணமாகும். இணையத்தளங்களின் சான்றிதழ்கள் திகதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால் திகதி பிழைத்தால் எல்லாமே பிழைக்கின்றது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அம்மின்கலத்தை மாற்றினால் போதும்.

உப்புக் காற்று மற்றொரு எதிரி. கணினி தொடங்காமல் தொடர்ந்து ஒலி எழுப்பினால், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, நினைவகத் தகட்டை எடுத்து, அதன் செப்பு நிறப் பற்களை மாணவர் பயன்படுத்தும் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். விசிறியில் அடைந்த தூசியை அகற்றுவதும், மழைக்காலத்தில் பயன்படுத்தாத கணினியை வாரத்துக்கு ஒரு தடவையேனும் இயக்கி வைப்பதும் செலவில்லாத வேலைகள்.

விண்டோஸ் 10 இல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுமையாக நின்றுவிடுவதில்லை என்பதும் பலர் அறியாதது. விரைவுத் தொடக்கம் என்ற வசதி, இயங்குதளத்தின் உட்கருவை வன்தட்டில் சேமித்துவிட்டு உறங்குகின்றது. ஆகவே, நேற்று இருந்த கோளாறு அணைத்துப் போட்ட பின்பும் இன்று அப்படியே எழுந்து நிற்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாலோ, ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியவாறு அணைத்தாலோதான் கணினி உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

ஒரேயொரு டொங்கிளை நம்பியிருக்கும் கணினி அறைக்கு மிகவும் பயன்படுவது ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்ற அமைப்பு. உள்ளூர் வலையமைப்பிலுள்ள ஏனைய கணினிகளிலிருந்து திருத்தங்களைப் பெறுவதற்கு அதில் அனுமதி வழங்கினால், ஒரு கணினி தரவிறக்கியதை மற்றவை தமக்குள் பகிர்ந்துகொள்ளும். பத்துக் கணினிகளுக்குப் பத்துத் தடவை டேட்டா செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டிலாயின், கைபேசி இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பாகக் குறித்துவிட்டால் திருத்தங்களின் பெரும்பகுதி கேளாமல் இறங்குவது நிற்கும். ஆனால், நிறுத்தியவர் மாதத்துக்கு ஒரு தடவையேனும் தாமாகவே அவற்றை இறக்கிக்கொள்ளவும் வேண்டும்.

வேகம் குறைந்த கணினியில் ‘விஷுவல் எபெக்ட்ஸ்’ எனப்படும் காட்சி அலங்காரங்களை நீக்குவது பழைய யோசனைதான். அவ்வாறு நீக்கும்போது எழுத்துகளின் ஓரங்களை மென்மையாக்கும் ஒரு தெரிவை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிடில் தமிழ் எழுத்துகளின் சுழிகள் உடைந்து வாசிக்க முடியாமற் போகும்.   எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது பழைய சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதாகும். பொருத்திய பின்னர் அதனை ‘டிபிராக்’ செய்யும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும், அது எஸ்.எஸ்.டி.யின் ஆயுளையே குறைக்கும்.

தொடர்பாடல் கடைகளிலிருந்து திரும்பும் பென்டிரைவ்களில் கோப்புறைகள் யாவும் குறுக்குவழிகளாக மாறிக் காணப்படுவது இன்றும் நிகழ்கின்றது. கோப்புகள் அழிந்துவிட்டன என்று கருதி பென்டிரைவை ‘போர்மட்’ செய்துவிடுவதே உண்மையான இழப்பு. பெரும்பாலும் அவை மறைக்கப்பட்டிருக்கின்றனவே தவிர அழிக்கப்படவில்லை. மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் அவை தோன்றும். அந்தக் குறுக்குவழிகளை மட்டும் சொடுக்கிவிடக் கூடாது.

விண்டோஸையே விட்டு வெளியேறும் வழியும் உண்டு. கேரளத்தின் அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கற்பித்து வருகின்றன. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பொஸ் லினக்ஸும் நிறுவி வழங்கப்பட்டது. நான்கு ஜீ.பி. நினைவகமுள்ள பழைய கணினியில் லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்போ லுபுண்டுவோ தாராளமாக இயங்கும். இங்கு நமது அலுவலகங்களுக்கு ஒரு பொறி உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். மாறுவதற்கு முன்னர் எழுத்துருக் கோப்பைப் பிரதியெடுத்துப் புதிய தளத்தில் நிறுவுவதுடன், முக்கியமான ஆவணங்களை யுனிகோடுக்கும் மாற்றிவிடல் வேண்டும். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்போர், முன்னர் கூறிய விரைவுத் தொடக்கத்தை நிறுத்தாவிடில் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து மாற்றியெழுத முடியாது.

இவையனைத்தையும் ஓர் ஆசிரியரோ ஓர் எழுதுவினைஞரோ தனித்துச் செய்துவிடலாம் என்று கூறி அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கல்வி நிறுவனங்களுக்கான நீடிப்புக் கட்டணத்தை முதலாண்டுக்குக் கணினியொன்றுக்கு ஒரு டொலராகவும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்கு இரண்டு, நான்கு டொலராகவும் மைக்ரோசொப்ட் நிர்ணயித்தது. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏழு டொலர். ஒரு மேசைக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் இவ்வுரிமத்தைக் கடலோரப் பாடசாலையொன்றின் அதிபர் தனியாகப் பெற்றுவிட முடியாது. கல்வி அமைச்சோ மாகாணக் கல்வித் திணைக்களமோ மொத்தமாகப் பெற்று வழங்கவேண்டும். அல்லது லினக்ஸுக்கு மாறுவதெனத் தீர்மானித்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க வேண்டும். இரண்டில் எதனையும் செய்யாது விடுவதுதான் இதுவரை நமது வழக்கமாக இருந்து வந்துள்ளது.

ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பின்போது, விண்டோஸ் 11 ஏற்காது என்ற ஒரே காரணத்துக்காகக் கணினிகள் கழிவுப் பட்டியலில் சேர்க்கப்படுவதையும் நிறுத்தவேண்டும். உண்மையாகவே கழிக்கவேண்டியவற்றிலும் வன்தட்டைக் கழற்றி, அதிலுள்ள கடிதங்களையும் பத்திரப் பிரதிகளையும் இரு வேறு இடங்களில் சேமித்து, உரியவர்களுக்கு அறிவித்த பின்னரே அதனை அழிக்கும்படி முசலிப் பிரதேச செயலகமும் மன்னார் கல்வி வலயமும் ஒரு சுற்றறிக்கை விடுக்கலாம். அதற்கு மேலதிக நிதி எதுவும் தேவையில்லை.