போனைப் பறித்தால் பிரச்சினை முடிந்ததா?

எங்கட வீடுகளில் ஒன்லைன் கேமுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு போனைப் பறிக்கிறதுதான். தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் பறிக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டு வராட்டில் பறிக்கிறது. கேமில் யாரோ ஒரு மாதிரிக் கதைக்கிறார் என்று பிள்ளை தானாக வந்து சொன்னாலும் பறிக்கிறது. இந்தக் கடைசிப் பறிப்புத்தான் ஆபத்தானது.

யோசித்துப் பாருங்கள். ஃப்ரீ ஃபயரில் ஒரே அணியில் விளையாடின ஒருவர், பதினொரு வயதுப் பெடியனுக்கு டயமண்ட் வாங்கித் தாறன் என்கிறார். பிறகு வட்ஸ்அப் நம்பர் கேட்கிறார். பிறகு படம். படம் போனதும் மிரட்டல் தொடங்குகிறது: 'வீட்டில சொன்னா உனக்குத்தான் அடி விழும்.' அது உண்மை என்று பெடியனுக்குத் தெரியும். அந்த மனிசனுடைய கையில் அந்த ஆயுதத்தைக் கொடுத்து வைத்திருப்பது நாங்கள்.

2020இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டினபோது வகுப்புக்கு வேணும் என்று போனைக் குடுத்ததும் நாங்கள்தானே. வெளிநாட்டு மாமா பாவித்துவிட்டு அனுப்பின போன், அதில் அப்பாவின் கூகுள் கணக்கு. கேம் வயது கேட்ட இடத்தில் பிள்ளை 2000ஆம் ஆண்டு என்று தட்டிவிட்டது. ஆக, கேமின் கண்ணுக்கு உங்கட தம்பி ஒரு வளர்ந்த ஆள். சிறுவர்களுக்கென்று கம்பனி வைத்திருக்கிற பூட்டு எதுவும் அவனுக்கு விழாது. 2024 நவம்பரில் ரோப்லொக்ஸ், 13 வயதுக்குக் குறைந்தவர்கள் விளையாட்டுகளுக்கு வெளியே தனிச்செய்தி அனுப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் பொய் வயது குடுத்த கணக்கில் அது வேலை செய்யுமா?

கம்பனிகளும் சும்மா பூட்டுப் போடுவதில்லை. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸுக்கு எதிராக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. முன்பின் தெரியாதவர்களுடன் குரலில் கதைக்கிற வசதி சிறுவர்களுக்கும் தொடக்கத்திலேயே திறந்து கிடந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதை மூடி வையுங்கள் என்று கம்பனியின் சொந்த ஊழியர்களே 2017இலேயே கேட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் சிறுவர் தனியுரிமை விவகாரத்துக்கு 275 மில்லியன் டொலர், தெரியாமல் காசு செலவழிக்க வைத்ததற்கு 245 மில்லியன் டொலர் கட்ட எபிக் ஒத்துக்கொண்டது. ஊழியர்கள் சொல்லி ஐந்து வருஷம் கழித்து!

அங்கே அதைக் கேட்க ஒரு ஆணையம் இருந்தது. இங்கே உங்கட வீட்டில் அந்த செட்டிங்ஸைத் திறக்கப் போறது யார்? அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வருகிறவர் 'கேம் விளையாடாதீங்கோ' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விடுவார். மிச்சம் இருப்பது நாங்கள். விடிய விடியப் பப்ஜி விளையாடின தலைமுறை, தம்பிக்கு அந்தக் கேமை இறக்கிக் குடுத்த அண்ணாக்களும் அக்காக்களும். பெரியாக்களோடு சேர்ந்து நாங்களும் தலையில் குட்டினால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு ஞாயிறு பக்கத்தில் இருந்து அவனோடு விளையாடுங்கள். நண்பர் பட்டியலில் யார் யார் என்று அவனையே கதை சொல்ல விடுங்கள். எந்தப் பெயரில் அவன் தயங்குகிறான் என்று அப்போது தெரியும். உண்மை வயதோடு அவனுக்கென்று ஒரு கூகுள் கணக்குத் திறவுங்கள். சேர்த்த ஸ்கின் எல்லாம் போய்விடும் என்று அழுவான். மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்தது, அழத்தான் செய்வான், நக்கல் அடிக்காதீங்கோ. முன்பின் தெரியாதவர்களுடன் குரலில் கதைக்கிறதை மூடுங்கள். பிளே ஸ்டோரில் இருக்கிற பாங்க் கார்டை எடுத்துவிடுங்கள். நேரத்தை நிமிடத்தில் அளக்காமல் ஆட்டத்தில் அளவுங்கள். ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டம் கிட்டத்தட்ட 10 நிமிடம். நடுவில் போனை இழுத்தால் அணியில் இருக்கிற மற்றப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்குவது அவன்தான்.

பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் போனைத் தொட முதல் முழுக்கக் கேளுங்கள். அந்த ஆளை பிளொக் பண்ண முதல், செய்திகளையும் கணக்குப் பெயரையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். வெட்கத்தில் ஒன்றையும் அழிக்க வேண்டாம். பிறகு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். அழைக்கும்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும், அவனுடைய போன் அவனுடைய கையிலேயே இருக்கட்டும்.