எல்லாத் தலைவலியும் வெயில் தலைவலி அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. "உப்பளத்து வெயிலில் நின்றால் தலைவலி வராதா? மாத்திரை போடு, மோர் குடி" என்கிறார் ஒருவர். "மண்டையைத் திறந்தவன் பிழைத்ததில்லை" என்கிறார் இன்னொருவர். முதல் பேச்சு நோயை மறைக்கும். இரண்டாவது பேச்சு வைத்தியத்தைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓர் உயிர் போகும்.

மூளைக்குள் கொலாய்டு நீர்க்கட்டி என்று ஒன்று வரும். அரிதானதுதான். புற்றுநோயும் அல்ல, கூழ் நிறைந்த ஒரு சிறிய பை. ஆனால் அது இருக்கும் இடம் ஆபத்தானது. மூளைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் நீர் ஊறி, அறை அறையாக ஓடி, ரத்தத்தில் கலக்கிறது. மேலே இருக்கும் இரண்டு அறைகளின் நீர் மூன்றாவது அறைக்கு இறங்கும் வாசலில் இந்தக் கட்டி உட்காருகிறது. மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா? மடையை அடைத்தால் தண்ணீர் தேங்கும், வரப்பு உடையும். மண்டையோடு உடையாது, உள்ளே மூளைதான் நசுங்கும்.

இந்தத் தலைவலி வரும், போகும். சிலருக்குக் குனிந்தால், படுத்தால் கூடும். "விட்டுவிட்டதே" என்ற நிம்மதிதான் நம்மை ஏமாற்றுகிறது. கூடவே வாந்தி, பார்வை மங்கல், மறதி, நடையில் தள்ளாட்டம், திடீரென்று கால் துவண்டு விழுதல் இருந்தால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். வேப்பிலை அடிக்கவும் அழைத்துப் போகாதீர்கள். அடைப்பு முற்றினால் திடீர் மரணமும் நேரலாம்.

அடுத்து, மண்டையைத் திறக்கும் பயம். 1921இலேயே அமெரிக்காவில் வால்டர் டாண்டி இந்தக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டார். நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். இப்போது எண்டோஸ்கோப்பி வந்துவிட்டது. முடிக்குள் மறையும் இடத்தில் ஒரு சிறு துளை. கேமராவும் விளக்கும் உள்ள மெல்லிய குழாய். கூழை உறிஞ்சி, பையையும் முடிந்தவரை எடுத்துவிடுகிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே ஞாபகத்துக்கான நரம்பு இழைகள் ஓடுகின்றன. கிருமித் தொற்று வரலாம். பையில் மிச்சம் இருந்தால் கட்டி திரும்பவும் வளரலாம். சிலருக்குத் திறந்து செய்யும் முறையே பொருந்தும். தொல்லை தராத சிறு கட்டியை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்றும் சொல்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் அறுவை மருத்துவர். நம் வாட்ஸ்அப் குழு அல்ல.

எல்லாத் தலைவலிக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான தலைவலி சாதாரணமானதுதான். ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் அந்த ஒரு நாளை இழக்கத்தான் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர் தூரமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். எது அதில் சேரும் என்று அங்கேயே கேளுங்கள். ஆள் மயங்கி விழுந்தால் யோசிக்காமல் 108.

மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஒரே ஆள் மாதக்கணக்கில் தலைவலி மாத்திரை கேட்டு வந்தால் அட்டையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். "வாந்தி வருதா? கண் மங்குதா?" என்று கேளுங்கள். "வருது" என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்களுக்குப் போவது பத்து ரூபாய் வியாபாரம்.