கனடாவில் இருந்து கேட்ட ஆயிரம் கட்டி

சென்ற மாதம் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சுயதொழில் குழுவின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஏழு பெண்கள், அவர்களில் ஐவர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். தேங்காய் எண்ணெயும் கற்றாழையும் சேர்த்துச் சவர்க்காரம் செய்து சந்தையில் விற்கிறார்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்.

"மிஸ், கனடாவில இருக்கிற என்ர மச்சாள் அங்க ஒரு கடைக்காரரோட கதைச்சவ. ஆயிரம் கட்டி வேணுமாம். கடன் எடுத்துச் செய்வமோ?"

நுண்கடன் எமது கிராமங்களில் செய்த வேலையைப் பார்த்தவள் நான். 'ஓம்' என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் ஒரு கதை சொன்னேன்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1976 மார்ச் மாதம் அனிட்டா ரொடிக் என்ற பெண் 'த பொடி ஷொப்' என்ற சிறிய கடையைத் திறந்தார். தோலுக்கும் கூந்தலுக்குமான பொருட்கள் சுமார் 25. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர். பிள்ளைகளுடன், ரீ சேர்ட் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனபோது கடன் இல்லை என்றார்கள். பின்பு கணவருடன் நல்ல உடுப்பில் போனதும் 4,000 பவுண் கிடைத்தது. (இதைக் கேட்டு எங்கள் பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு இது புதினமல்ல.) போத்தல் வாங்கப் போதிய பணமில்லை. வெறும் போத்தலைக் கொண்டு வந்தவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தார்.

1978 இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் முதலாவது வெளிநாட்டுக் கடை வந்தது. அதன்பின் உலகமெங்கும் பரவியது பெரும்பாலும் உரிமம் பெற்றவர்களின் கடைகள் மூலமே. அந்தந்த நாட்டவர் தமது முதலைப் போட்டு, வாடகை கட்டிக் கடை நடத்தினார்கள். இங்கிருந்து போனது பெயரும் பொருளும்தான். 2006 இல் நிறுவனம் 652 மில்லியன் பவுணுக்கு லொறியால் நிறுவனத்திடம் கைமாறியது. பின்பு வேறு கைகளுக்கும் போய், 2024 பெப்ரவரியில் அதன் பிரித்தானியப் பிரிவு கடனைச் சமாளிக்க முடியாமல் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அது பெரிய கதை. எமக்கு வேண்டியது பிரசெல்ஸ் வரைதான்.

"அக்கா, அந்தக் கடைக்காரர் எதுக்குப் பொறுப்பு நிக்கிறார் எண்டு கேட்டனீங்களோ?" என்றேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

கனடாவில் கையால் செய்த சவர்க்காரமும் சட்டப்படி அழகுசாதனப் பொருள்தான். முதல் விற்பனை நடந்து 10 நாட்களுக்குள் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்திற்கு அறிவிக்க வேண்டும். பொருளின் பெயரும் நிறையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உறையில் இருக்க வேண்டும். சேர்மானங்களை உலகப் பொதுப் பெயர்களில் எழுத வேண்டும். சவர்க்காரமாகிவிட்ட தேங்காய் எண்ணெய்க்கு அங்கே 'சோடியம் கொக்கோயேற்' என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கம்: அங்கே முகவரியுள்ள ஒருவர் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும், தகுதி பெற்ற ஒருவரின் பாதுகாப்பு அறிக்கையும் விற்பதற்கு முன்பே வேண்டும்.

மச்சாளின் பயணப் பெட்டியில் பத்துக் கட்டி போவது வேறு. கடையில் ஆயிரம் கட்டி விற்பது வேறு. இந்த அறிவிப்பு, உறை, கப்பல் செலவு எல்லாம் எமது பெண்களின் கடனில் ஏறி, பொருள் துறைமுகத்தில் மறிக்கப்பட்டால் வட்டி யாருடைய வாசலுக்கு வரும்?

இன்னுமொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். வெட்டிய அன்றே நிறுத்து 100 கிராம் என்று எழுதுகிறார்கள். சவர்க்காரம் வாரக்கணக்கில் காயும்போது தண்ணீர் போய் நிறை குறையும். சந்தையில் யாரும் கேட்பதில்லை. கனடாவில் கேட்பார்கள்.

கடன் படிவத்தை எடுத்து வைத்தோம். முற்பணம் தருவாரா, இறக்குமதியாளராகத் தன் பெயரைப் போடுவாரா, முதலில் ஐம்பது கட்டி எடுப்பாரா என்று மூன்று கேள்விகளை அக்கா மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். இளைய பெண் ஒருத்தி பத்துக் கட்டிகளுக்கு இலக்கமிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்துக் கொப்பியில் எழுதுகிறாள். மூன்றாவது வாரம் போகிறது. மச்சாளிடமிருந்து ஒரு கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது: ஐம்பது எடுப்பாராம்.