10 நிமிஷம் ஏன் அரை மணி நேரமா தெரியுது? பஸ் ஸ்டாப்பில் நாம கட்டும் இன்னொரு டிக்கெட்!

ஜன்னல் சீட் கிடைச்சுட்டா பஸ்ஸுக்குள்ள 20 நிமிஷம் போறதே தெரியாது. ரெண்டு ரீல்ஸ், ஒரு பாட்டு, கொஞ்சம் காத்து... இறங்கும் ஸ்டாப் வந்துடும். ஆனா அதே பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிக்கிற 10 நிமிஷம் இருக்கே! கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்து, 'ஆட்டோ பிடிச்சுடலாமா' என்று நாலு தடவை யோசிச்சு, வீட்டுக்குப் போனதும் 'அரை மணி நேரமா நின்னேன்' என்றுதான் சொல்வோம்.

அது பொய் இல்லை மக்களே. மனசு அப்படித்தான் கணக்குப் போடுது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பயணிகள் நிஜமாக எவ்வளவு நேரம் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றதாகச் சொன்னார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வு அது. வெளியானது 2016-ல். பெஞ்ச், கூரை, அடுத்த பஸ் எப்போ என்று சொல்லும் போர்டு எதுவுமே இல்லாத ஸ்டாப்பில், காத்திருப்பு நிஜத்தைவிடக் குறைந்தது 1.3 மடங்கு நீளமாகத் தெரிந்திருக்கிறது. இந்த வசதிகள் வந்ததும் அந்த வித்தியாசம் நன்றாகவே குறைந்தது. பஸ் ஒரு நிமிஷம்கூட சீக்கிரம் வராமலேயே!

அதே ஆய்வில் இன்னொரு விஷயம்தான் நம்ம ஊருக்கு நேரா வந்து குத்துது. பாதுகாப்பில்லை என்று தோன்றும் இடத்தில் 10 நிமிஷத்துக்கு மேல் நிற்கும் பெண்களுக்கு, அந்த நேரம் நிஜத்தைவிட ரொம்பவே நீண்டு தெரிகிறது. அதே இடத்தில் நிற்கும் ஆண்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. இதைப் படிச்சுட்டு 'இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா' என்று கேட்கும் தோழிகள் எனக்கு நிறைய பேர் உண்டு. நியாயம்தான். ஆனா எண்ணாகக் கையில் இருந்தால்தான் அதிகாரிகள் மேஜையில் எதையும் வைக்க முடியும்.

சரி, ஆப் இருக்கே? எம்.டி.சி பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் 'சென்னை பஸ்' ஆப் 2022 மே மாதம் வந்தது. இந்த மாதிரி ஆப்களால் பிரயோஜனம் உண்டா என்று சியாட்டில் நகரத்தில் 2011-லேயே பார்த்துவிட்டார்கள். ஆப் இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு நிஜத்தைவிட நீளமாகத் தெரிந்தது. ஆப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அதோடு, பஸ் நெருங்கும்போது கிளம்பி வந்ததால் அவர்கள் கிட்டத்தட்ட 2 நிமிஷம் குறைவாகவே நின்றார்கள். ஆனா, இந்த வித்தை வேலை செய்ய ஆப் சொல்வது நடக்கணும். '3 நிமிஷம்' என்று காட்டிவிட்டு, வராமலேயே ஸ்டாப்பைத் தாண்டிப் போனதாக ஒரு பஸ்ஸை ஆப் காட்டிச்சுனா, அப்புறம் அதை யாரும் திறக்க மாட்டாங்க.

ஆப்பால் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கு. அரை மணி நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் ஒரே நம்பரில் மூணு பஸ் ரயில் மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். இது டிரைவர்கள் சேர்ந்து பேசி வைத்துச் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. உண்மையில் இது கணக்கு. முதல் பஸ் ஒரு சிக்னலில் 2 நிமிஷம் மாட்டுது என்று வையுங்கள். அடுத்த ஸ்டாப்பில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும். எல்லாரும் ஏற நேரமாகும், பஸ் இன்னும் லேட். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்காக விளக்கிவிட்டார்கள். அதனாலதான் முதல் பஸ்ஸில் ஃபுட்போர்டு தொங்கும், பின்னால் வருவது காலியா இருக்கும்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? ஒரு ரூட்டில் மணிக்கு 6 பஸ். சரியாக 10 நிமிஷத்துக்கு ஒன்று வந்தால், எப்போ போய் நின்றாலும் சராசரியாக 5 நிமிஷம்தான் காத்திருப்போம். அதே 6 பஸ் ஜோடி ஜோடியாக, 2 நிமிஷம், 18 நிமிஷம் என்று மாறி மாறி வந்தால்? நாம் போய் நிற்பது அந்த 18 நிமிஷ ஓட்டைக்குள்ளே விழத்தான் 10-க்கு 9 வாய்ப்பு. சராசரி காத்திருப்பு 8 நிமிஷத்தைத் தாண்டிவிடும். அதே பஸ், அதே டீசல், அதே டிரைவர். பேப்பரில் '10 நிமிஷத்துக்கு ஒரு பஸ்' என்றுதான் இருக்கும்.

லண்டனில் இந்த வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு பெயரே உண்டு. பஸ்கள் சரியான இடைவெளியில் வந்திருந்தால் நின்றிருக்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாகப் பயணி நின்றார் என்பது, அதாவது 'கூடுதல் காத்திருப்பு'. அடிக்கடி ஓடும் ரூட்களில் பஸ் ஓட்டும் கம்பெனிகளுக்கு போனஸா, பிடித்தமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. சிங்கப்பூரும் 2014-ல் இருந்து இந்த முறைக்கு மாறியது. அப்போ டெர்மினஸில் இருப்பவருக்கும் வேலை மாறுகிறது. முன்னால் போன பஸ் எங்கே இருக்கு என்று பார்த்து, ஒட்டிப் போகும் பஸ்ஸை 2 நிமிஷம் நிறுத்திவைக்கணும். அந்த நிமிஷம் உள்ளே இருப்பவர்கள் திட்டத்தான் செய்வார்கள். ஆனா வழியெல்லாம் நிற்பவர்களுக்கு லாபம்.

நம்ம ஊரில் பஸ் கணக்கு என்றால் எத்தனை நடை, எவ்வளவு கலெக்‌ஷன் என்பதுதான் முதலில் காதில் விழும். இப்போ வரும் புது மின்சார பஸ்கள் வேற மாதிரி. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டெப்போவில் இருந்து ஓடத் தொடங்கிய 120 பஸ்களை ஓட்டுவது தனியார் நிறுவனம்; அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். கிலோமீட்டருக்குக் காசு என்றால் பஸ் ஓடும், சரி. ஒழுங்கான இடைவெளியில் ஓடுவதற்கு எவ்வளவு காசு, ஒட்டிக்கிட்டு ஓடினால் எவ்வளவு பிடித்தம்? ஒப்பந்தத்தில் நாம் தேட வேண்டிய வரி அதுதான்.

இதில் அதிகம் இழப்பது யார் என்று பார்த்தால், விஷயம் 'விடியல் பயணம்' பக்கம் போகுது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வாடகையிலும் பிள்ளை டியூஷனிலும் போய்ச் சேரும் பணம் அது, சின்ன விஷயமே இல்லை. ஆனா அந்த இலவசம் டீலக்ஸ், ஏசி பஸ்களுக்குக் கிடையாது. தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்னே வேலை பார்த்துட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டாப்புக்கு வரும் ஒரு அக்கா, ரெண்டு டீலக்ஸ் பஸ்ஸை விட்டுட்டு பிங்க் பஸ்ஸுக்காக நிப்பாங்க. ரூட்டில் 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருந்தாலும், அவங்களுக்கு அது 10 நிமிஷம் இல்லை. ரூபாயில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கட்டுறாங்க. அதுவும் விளம்பரப் பலகைக்கு மட்டும் பளிச்சென்று லைட் எரிந்து, உட்காரும் பக்கம் இருட்டாக இருக்கும் ஷெல்டரில்!

மேம்பாலம் கட்டினால் பைக், கார்காரருக்குச் சில நிமிஷம் மிச்சம் என்று திட்ட அறிக்கையிலேயே வரும். இந்த அக்காவின் நிமிஷங்கள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை என்பதுதான் என் கோபம். இத்தனைக்கும் பஸ் எங்கே இருக்கிறது என்று ஆப்புக்குச் சொல்லும் ஜி.பி.எஸ் தகவல் இருக்கு. ஒவ்வொரு ரூட்டிலும் எந்த நேரத்தில் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்று அதிலிருந்தே எடுத்துவிடலாம், சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத் தனியாக. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த ஸ்டாப்களில் 10 நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கிறதோ, முதல் லைட்டை அங்கே போடலாம். மாதாமாதம் அந்தப் பட்டியலை வெளியிட்டால், மிச்சத்தை நாம கேட்டுக்குவோம்.