மலையேறும் காருக்கு எந்த வலு?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறும் கார் 1,000 மீற்றர் உயரத்தைக் கடக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. தானாகக் காற்றை உறிஞ்சும் பெற்றோல் இயந்திரத்தின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவே குறையும்.

காற்றை அமுக்கிச் செலுத்தும் சுப்பர்சார்ஜர் இவ்விழப்பை ஈடுசெய்யும். குறைந்த சுழற்சியிலேயே இழுவையும் தரும். கம்ஷாப்ட் மாற்றுவது போன்ற வேலைகளின் பலனோ பெரும்பாலும் உயர் சுழற்சியில்தான் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் அது உதவாது.

ஆகவே சுப்பர்சார்ஜரே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? ஆகாது என்பேன். அமுக்கிய காற்று சூடேறும். எரிகலவை உரிய கணத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கக்கூடும். அதைத் தவிர்க்க 95 ஒக்டேன் பெற்றோலும், காற்றைக் குளிர்விக்கும் சாதனமும், மீளமைத்த எரிபற்றலும் வேண்டும். ஏற்றத்தில் மெல்ல ஊரும் காரின் ரேடியேட்டருக்கோ காற்றோட்டம் குறைவு. 2022 நெருக்கடியில் எந்தப் பெற்றோலாயினும் போதுமென்று நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்துவிட்டோமா?

அன்றாடம் ஓடவேண்டிய காருக்கு வால்வுகளையும் குளிரூட்டலையும் சீர்செய்து, தேய்மானத்தால் இழந்த குதிரைவலுவை மீட்பதே நம்பகமான வழி. மிஞ்சும் பணத்தைப் பிரேக்குக்குச் செலவிடுங்கள். ஏறிய மலையை இறங்கவும் வேண்டுமே!