ஒரு பெட்டிக்குள் ஒண்டுக்குடித்தனம்

பம்பாயில் மில்கள் ஓடிய காலத்தில், பரேல், லால்பாக் சால்களில் ஓர் அறையில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால், "எந்த நேரத்தில்?" என்று திருப்பிக் கேட்கவேண்டிய நிலை இருந்தது. முதல் ஷிப்டுக்காரர் எழுந்துபோன பாயில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர் படுப்பார். நாலு பேர் படுக்கும் இடத்துக்குப் பத்துப் பேர் வாடகை கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாதவரை அந்தக் கணக்கு ஓடியது. 1982 ஜனவரியில் மில் ஸ்டிரைக் தொடங்கி மூன்று ஷிப்டும் ஒன்றாக நின்றபோது, அறையில் கால் நீட்ட இடம் இல்லை. பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரெயில் ஏறினார்கள்.

அதே கணக்கு இன்று தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது.

குமாஸ்தாவின் மகன் லேமிங்டன் ரோட்டில் ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வருகிறான். அதற்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பிரித்து ஓட்டுகிறான். இவற்றுக்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். லினக்சில் 2007-ம் ஆண்டு சேர்ந்த கே.வி.எம். என்ற வசதியும், அதன் மேல் வியன்னா நகரத்துக் கம்பெனி ஒன்று 2008-ல் வெளியிட்ட 'பிராக்ஸ்மாக்ஸ்' என்ற மென்பொருளும் இதைச் செய்கின்றன. காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

இது விளையாட்டு அல்ல. ஐரோலி, மாப்பே பக்கம் டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. அங்கே வேலைக்குப் போகிறவனுக்கு இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கூடத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிதான் பள்ளிக்கூடம். அதோடு அக்காள் கல்யாணப் போட்டோ, சீட்டுக் கணக்கு, அப்பாவின் பி.எஃப். காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதனால்தான் மெமரியை எப்படிப் பங்கிடுவது என்பது அந்த வீட்டுக்கே சம்பந்தப்பட்ட விஷயமாகிறது.

பெட்டியில் 16 ஜி.பி. மெமரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ வைக்கும் மெஷினுக்கு 4, விண்டோசுக்கு 4, டேட்டாபேஸ் பழக 4, விளம்பரங்களைத் தடுக்கும் மெஷினுக்கு 2, லினக்ஸ் பயிற்சிக்கு இரண்டு மெஷின்கள், தலைக்கு 2. ஆக 18. வீட்டுக்காரருக்கும், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிப்படை சிஸ்டத்துக்கும், 2 வேண்டும். மொத்தம் 20. இருப்பதோ 16!

ஆனாலும் ஓடும். கே.வி.எம். மெமரியை வாக்காகத்தான் கொடுக்கிறது. மெஷின் தொட்டுப் பயன்படுத்தும்போதுதான் உண்மையான இடம் போகும். 4 வாங்கியவன் ஒன்றரையோடு நிற்கலாம். ஒரு வாரம், ஒரு மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பேக்கப் ஓடும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் எடுத்த ஆயிரம் போட்டோவும் ஒன்றாக வந்து இறங்கும். எல்லா ஷிப்டும் ஒரே நேரத்தில் வீடு திரும்பிவிட்டது.

முதலில் பெட்டி டிஸ்கைக் கடன் கேட்கும். 'ஸ்வாப்' என்பது அதுதான். டிஸ்க் மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. எல்லா மெஷினும் ஊர்ந்து போகும். அதுவும் தீர்ந்தால் லினக்ஸ் ஒரு காரியம் செய்கிறது. யாராவது ஒருவரை வெளியே தள்ளிவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுகிறது. யாரைத் தள்ளும் என்பதில்தான் கொடுமை. பெரும்பாலும் அதிக மெமரியைப் பிடித்திருப்பவரைத்தான் அது தேர்ந்தெடுக்கும். அந்த நேரத்தில் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பது போட்டோ மெஷின். சும்மா இருந்த பயிற்சி மெஷின் தப்பித்துக்கொள்ளும். குடும்பத்துக்கு வேண்டியது மின்சாரம் போனதுபோல் பட்டென்று நிற்கும்.

பலூன் காப்பாற்றுமா?

இதற்கெல்லாம் வழி இருக்கிறது, பயப்படவேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் முதலில் காட்டுவது 'பலூன்'. வி.எம்.வேர் கம்பெனியில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் எழுதிய கட்டுரையில் விளக்கிய யோசனை அது. மெஷினுக்குள் ஒரு சிறிய புரோகிராம் பலூன்போல ஊதி இடத்தைப் பிடித்து, பிடித்த இடத்தை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பிராக்ஸ்மாக்ஸ் தானாகப் பலூனை ஊதத் தொடங்குவது, வழக்கமான அமைப்பில், பெட்டியின் மெமரி 80 சதவீதத்தை எட்டும்போதுதான். அதற்கு மேல் கூட்டம் திடீரென்று வந்தால் பலூன் ஊதி முடிவதற்குள் இடம் போய்விடும். விண்டோசில் அதற்கான டிரைவரைத் தனியாகப் போடவேண்டும். போட மறப்பவர்களே அதிகம்.

இன்னொரு வழி, ஒரே மாதிரியான பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து வைப்பது. 2009-ல் லினக்சில் வந்தது. ஒரே ரக மெஷின்கள் பல ஓடினால் லாபம் உண்டு. ஒன்று விண்டோஸ், மற்றவை வேறு வேறு லினக்ஸ் என்றால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

மெமரி போதவில்லை என்றால் வாங்கிப்போடு என்பவர்கள் இன்னொரு கட்சி. 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் மெமரி விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்கே சில்லுகள் போய்க்கொண்டிருந்தன. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, 'குருஷியல்' என்ற பெயரில் சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. குமாஸ்தா சம்பளத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இருப்பதை ஒழுங்காகப் பிரித்தாலே போதும். எது நிற்கக்கூடாதோ அதற்கு முழு இடத்தையும் நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும். பலூன் அங்கே வேண்டாம். போட்டோவுக்கு 4, வீட்டுக்காரருக்கு 2. பழகுவதற்கான டேட்டாபேசுக்கு 2 தாராளம். விளம்பரம் தடுக்க ஒரு முழு மெஷின் எதற்கு? 'கண்டெய்னர்' என்ற சிறிய அறையில் அரை ஜி.பி.யில் அது ஓடும். பயிற்சி மெஷின் இரண்டுக்கும் 4. ஆக பன்னிரண்டரை. விண்டோஸ் வேண்டுமென்றால் பயிற்சி மெஷின்களை அணைத்துவிட்டு அந்த 4-ஐ அதற்குக் கொடுக்கலாம், அப்போதும் பன்னிரண்டரைதான். மீதி மூன்றரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. பலூன், அது இது என்ற பரீட்சை எல்லாம் பயிற்சி மெஷின்களோடு இருக்கட்டும். அவை விழுந்தால் பாடம். போட்டோ மெஷின் விழுந்தால் நஷ்டம்.

டிஸ்குக்கு இசட்.எஃப்.எஸ். முறையைப் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது தன் உபயோகத்துக்கு மெமரியில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல், புதிதாகப் போடும்போது பத்தில் ஒரு பங்கு என்று குறைத்துவிட்டார்கள். பழைய பெட்டியில் அந்த அளவைக் கையால் எழுதித்தான் குறைக்கவேண்டும். இது தெரியாமல், மெமரி எங்கே போகிறது என்று தேடிக் களைத்தவர்கள் ஏராளம்.

பையன் இன்னொரு 8 ஜி.பி. வேண்டும் என்று கேட்டால், அப்பா கோபிக்கவும் வேண்டாம், உடனே பையைத் திறக்கவும் வேண்டாம். மெஷினுக்குள் போய் 'ஃப்ரீ' என்ற கட்டளையைப் போட்டுக் காட்டச் சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா அறையும் நிரம்பியதுபோல் தெரியும்; லினக்ஸ் காலி இடத்தைச் சும்மா விடாமல், படித்த ஃபைல்களை அதில் அடுக்கி வைத்திருக்கும். 'அவைலபிள்' என்ற பத்தியில் இருக்கும் எண்தான் நிஜம். 4 கொடுத்த மெஷினில் அது 2-க்குக் குறையவே இல்லை என்றால், அங்கிருந்து ஒன்றை எடுத்து வேறு மெஷினுக்குக் கொடுக்கலாம். எல்லா மெஷினிலும் அது அடிமட்டத்துக்கு வந்து, ஸ்வாப்பும் தினமும் ஏறிக்கொண்டிருந்தால், லேமிங்டன் ரோட்டில் பழைய மெமரி என்ன விலை என்று விசாரிக்க வேண்டியதுதான்.