இலச்சினையும் உழைப்பும்

இலச்சினை என்னுஞ் சொல் முத்திரையைக் குறிக்கும். ஓலையில் முத்திரை பொறித்தவன் அவ்வோலைக்குப் பொறுப்பாளி. பின்னர் 'யான் அறியேன்' என்று கூற அவனுக்கு இடமில்லை. கல்விக் கழகங்கள் தம் இலச்சினையைச் சட்டைகளிலும் தொப்பிகளிலும் பொறித்து விற்குமிடத்து, அவற்றைத் தைத்த கைகளைப் பற்றிய பொறுப்பும் அவற்றிற்கு உண்டோ? உண்டு என்பதே என் துணிபு.

இவ்வினாவை உரத்து எழுப்பியோர் ஐக்கிய அமெரிக்க மாணவராவர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் பெயரைப் பொறிக்கும் உரிமையை உடை வணிகருக்கு அளித்துப் பணம் பெறுகின்றன. வணிகரோ தையல் வேலையைக் கூலி குறைந்த நாடுகளுக்கு அனுப்புகின்றனர். 1998, 1999 ஆம் ஆண்டுகளில் மாணவர் திரண்டு, 'எத்தொழிற்சாலையில் தைத்தீர் என வெளியிடுக' என்று கேட்டனர். தலைவர்களின் காரியாலயங்களிற் புகுந்து அமர்ந்தும் போராடினர். 2000 ஆம் ஆண்டில் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு தோன்றியது. ஆராயப்படும் வணிகரிடம் பணம் பெறாமையே அதன் வலிமை.

அதன் பயன் 2009 இல் விளங்கிற்று. ஹொண்டுராஸ் நாட்டில் றசல் நிறுவனத்தின் தொழிற்சாலையொன்றிலே தொழிலாளர் சங்கம் அமைத்தனர். அவ்வாண்டு சனவரியில் அது மூடப்பட்டது. ஏறக்குறைய 1,200 பேர் வேலையிழந்தனர். வியாபார மந்தமே காரணம் என்றது நிறுவனம். சங்கத்தின்மீது கொண்ட பகையும் பெருங் காரணம் எனக் கண்டது கூட்டமைப்பு. நூற்றுக்கு அண்மையான பல்கலைக்கழகங்கள் உரிமத்தை விலக்கின. நவம்பரில் நிறுவனம் புதிய தொழிற்சாலையொன்றைத் திறந்து வேலையிழந்தோரை மீள அமர்த்தவும் சங்கத்தை ஏற்கவும் உடன்பட்டது. பத்தொன்பது வயது மாணாக்கர் செய்த காரியம் இது!

'கூலியை உயர்த்தச் சொன்னால் வேலையே வேறு நாட்டிற்குப் போய்விடும்' என்பர் சிலர். இது வெறுங் கூற்றன்று. டொமினிக்கன் குடியரசிலே பல்கலைக்கழகத் தொப்பிகள் தைத்த தொழிற்சாலையொன்று, சங்கம் அமைந்து நன்மைகள் பெற்ற சில ஆண்டுகளில், 2007 இல் மூடப்பட்டது. ஆயின் அதே ஊரில் 2010 இல் அல்ற்றா கிறாசியா என்னுந் தொழிற்சாலை எழுந்து, சட்டக் கூலியின் மும்மடங்குக்கு மேல் வழங்கிற்று. அதனால் ஒரு சட்டையின் அடக்கவிலை கூடியது அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 80 சதமே. வேலையை ஓடச் செய்வது கூலி மாத்திரமன்று. வாங்குவோர் உறுதியாக நில்லாமையும் ஆகும்.

நாம் இவ்விடயத்தில் வேற்றார் அல்லேம். 1978 இற் கட்டுநாயக்காவிலே வர்த்தக வலயம் தொடங்கிய நாள் முதலாக, நம் நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் பிறநாட்டார் உடுக்குஞ் சட்டைகளைத் தைத்துள்ளனர். ஊசியின் பக்கத்தை அறிந்த நாம், இலச்சினையின் பக்கத்தில் நிற்கும்போது அதனை மறத்தல் தகுமோ?

யூபிலிச் சட்டைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் விலைகோரும்போது, துணியின் தரமும் நிறமுமே பேசப்படுகின்றன. இனி, எங்கே தைக்கப்படுகிறது, தைப்போருக்கு ஒரு சட்டைக்கு எவ்வளவு, மேலதிக நேரத்திற்குக் கூலி உண்டா என்னும் மூன்றையும் எழுத்திற் கேட்குமாறு நம் சங்கத்தாரை வேண்டுகின்றேன். விடை தர மறுப்பவரின் விலை எத்துணை குறைவாயினும், அவருக்கு நம் இலச்சினையின் அச்சுக் கட்டையைக் கொடுத்தல் வேண்டா.